சமத்துப் பிள்ளை

காலை ஏழரை மணிக்கு ஷிஃப்ட் மாறி ஓவர் கொடுக்கும்போது எங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒரு வாக்கியம் உண்டு. “ஆறாம் பெட் பிரச்சினையே இல்ல, ராத்திரி பூரா சமத்தா இருந்தான்.” சொல்கிறவளுக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். கேட்கிறவளுக்கு ஒரு பெட்டைப் பற்றிக் கவலை இல்லை என்ற நிம்மதி. குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக எனக்கு இது 14-ஆவது வருஷம். அந்த வாக்கியத்தை நானும் கணக்கில்லாமல் சொல்லியிருக்கிறேன். ஒரு ஆறாம் பெட் பிள்ளைக்குப் பிறகு அது எனக்குச் சுலபத்தில் வாயில் வருவதில்லை.

அவனுக்கு இரண்டரை வயது. ஊரில் மூன்று நாள் காய்ச்சல், மெடிக்கலில் வாங்கிய சிரப், நான்காம் நாள் விலா உள்வாங்குகிற மூச்சு. எங்களிடம் வந்து சேரும்போது நிமோனியா முற்றி வலப் பக்க நெஞ்சில் சீழ் கோத்திருந்தது. அன்று ராத்திரியே மூச்சுக்குழாயில் டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைத்தோம். சீழ் வடிய விலாவில் ஒரு ட்ரெயின் குழாய். டியூபோடு திமிறாமல் இருக்க மயக்கத்துக்கு மிடாஸோலமும் வலிக்கு ஃபென்டானிலும் சிரிஞ்ச் பம்பில் இரவு பகலாக ஓடின. அவன் அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகிறவர். சாயங்காலம் நாலு மணிக்குக் கதவைத் திறப்போம், ஐந்து மணிக்கு எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவோம். அந்த ஒரு மணி நேரமும் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டே நிற்பார். ஏழாம் நாள் டியூபை எடுத்தோம். கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம்.

மறுநாள் காலை கையில் மருந்து ஏற்றுகிற லைன் போட்ட இடம் வீங்கிவிட்டது. புதிதாக ஒன்று போட உட்கார்ந்தேன். இரண்டரை வயசுப் பிள்ளைக்கு லைன் போட எங்களில் இரண்டு பேர் வேண்டும், ஒருத்தி பிடிக்க, ஒருத்தி குத்த. அன்றைக்குப் பிடிக்க ஆளே தேவைப்படவில்லை. ஊசி தோலுக்குள் போனது. அவன் அழவில்லை, முகம் சுளிக்கவில்லை, கையை இழுக்கவும் இல்லை. கண் திறந்துதான் இருந்தது, தலைக்கு மேலே எரிந்த டியூப்லைட்டில் நிலைகுத்தி இருந்தது. மற்றக் கையின் விரல்கள் மட்டும் போர்வையில் எதையோ பொறுக்கிக்கொண்டே இருந்தன. போர்வையில் ஒன்றும் இல்லை. ஒரே குத்தில் லைன் கிடைத்த உற்சாகத்தில் எனக்கு அது எதுவும் உறைக்கவில்லை. ‘குழந்தை அமைதியாக இருக்கிறது’ என்று சார்ட்டில் எழுதினேன். அந்த வரி என் கையெழுத்தோடு அந்த ஃபைலில் இன்னும் இருக்கும்.

சாயங்காலம் அவன் அம்மா வந்தார். “தம்பி, அம்மா வந்துட்டேன் பாரு” என்று முகத்துக்கு நேரே குனிந்தார். பிள்ளையின் பார்வை அவர் முகத்தைத் தாண்டி எங்கோ போனது. இரண்டு மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“சிஸ்டர், எம்பிள்ள மாதிரியே இல்லயே இவன்.”

“மருந்து மயக்கம்மா. ரெண்டு நாள்ல தெளிஞ்சிரும்.”

“மயக்கம்னா கண்ணு சொக்கும்லா சிஸ்டர். இவன் முழிச்சுட்டுல்லா இருக்கான். முழிச்சுட்டே எங்கயோ போயிட்டான்.”

நான் சிரித்துச் சமாதானம் சொல்லி அனுப்பினேன். எனக்கு அன்று மூன்று பெட். ஒன்றில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. இதெல்லாம் சாக்கு என்று எனக்கே தெரியும். அந்த அம்மா சொன்னது ஒரு டயக்னோஸிஸ், எனக்கு அது புலம்பலாகக் கேட்டது.

அன்று ராத்திரி ஒன்றரை மணிக்கு அந்தப் பிள்ளை வீறிட்டுக் கத்தினான். சீலிங்கைக் காட்டி “எறும்பு, எறும்பு” என்றான். ட்ரெயினைப் பிடித்து இழுக்கப் போக, கை இரண்டையும் காஸ் துணியால் கட்டிலோடு கட்டினோம். கட்டியதும் இன்னும் திமிறினான். டியூட்டி டாக்டர் ஒரு டோஸ் மிடாஸோலம் போடச் சொன்னார், தூக்கத்துக்கு புரோமெதசின் சிரப்பும் சேர்ந்தது. பத்து நிமிஷத்தில் அடங்கினான். காலையில் ஓவர் கொடுத்த சிஸ்டர் சொன்னது: “ராத்திரி கொஞ்சம் சேட்டை பண்ணான், ஊசி போட்டதும் சமத்தா தூங்கிட்டான்.” பகலில் மறுபடியும் டியூப்லைட், போர்வை, விரல்கள். ராத்திரி மறுபடியும் எறும்பு, மறுபடியும் மிடாஸோலம்.

மூன்றாம் நாள் அம்மாவுக்குப் பதிலாக ஆச்சி வந்தார். பேரனைப் பார்த்த மாத்திரத்தில், “தாயி, பிள்ள பயந்திருக்கு. ஜன்னி கண்டிருக்கு இதுக்கு” என்றார். நெற்றியில் விபூதி பூசினார். கையில் மந்திரித்த கயிறு கட்ட வேண்டும் என்றார். கயிற்றைக் கட்டில் கம்பியில் கட்டச் சொன்னேன், விபூதி லைன் போட்ட இடத்திலோ மூக்குக் குழாய் பக்கமோ படக் கூடாது என்றேன். அதோடு என் கடமை முடிந்ததாக நினைத்தேன். ‘ஜன்னி’ என்று ஆச்சி சொன்னதை டாக்டரிடம் மட்டும் சொன்னேன். அங்கேதான் விஷயம் வேறு பாதையில் போனது.

ஜன்னி என்று நம் ஊரில் இரண்டைச் சொல்வோம். காய்ச்சலில் கை கால் வெட்டி இழுத்தாலும் ஜன்னி, காய்ச்சலில் சம்பந்தமில்லாமல் பிதற்றினாலும் ஜன்னி. சித்த வைத்தியத்தில் முத்தோஷமும் கெட்டுக் காய்ச்சலோடு பிதற்றுகிற நிலைக்குச் சன்னிபாதம் என்று பெயர். ஆச்சி சொன்னது இந்த இரண்டாவது ஜன்னி. ஆஸ்பத்திரியில் எங்கள் காதில் விழுந்தது முதல் ஜன்னி. வலிப்போ என்று சந்தேகப்பட்டு ஈ.ஈ.ஜி. எடுத்தார்கள். வலிப்பு இல்லை, மூளை அலைகள் பொதுவாக மந்தமாக இருக்கின்றன என்று ரிப்போர்ட் வந்தது. அந்தச் சோதனையைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். வெளியே தெரியாத வலிப்பிலும் பிள்ளை இப்படி வெறித்துப் பார்க்கும், அதைத் தள்ளிவைத்தே ஆக வேண்டும். ஆனால் ‘வலிப்பு இல்லை’ என்ற பாதி ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு ‘மந்தம்’ என்ற மீதியை நாங்கள் விட்டுவிட்டோம். டெலிரியத்தில், அதாவது நோயிலும் மருந்திலும் மூளை குழம்பிப் போகிற நிலையில், மூளை அலை அப்படித்தான் இருக்கும். ஆச்சி அன்றைக்கே சொன்ன வியாதியின் பெயரைக் காகிதத்தில் எழுத எங்களுக்கு இன்னும் ஒரு நாள் ஆனது.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். யாராவது ஜன்னி என்றால், பயந்திருக்கு என்றால், காத்து அண்டிருக்கு என்றால், “நீங்க என்ன பாத்தீங்க, அதை அப்படியே சொல்லுங்க” என்று கேட்பேன். கை கால் இழுத்ததா, கண் செருகியதா, இல்லாத எதையாவது காட்டியதா, உங்களைத் தெரியவில்லையா. பெயர் எதுவாக இருந்தாலும் பார்த்தது பொய்யாகாது.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு மேடம் நாலாம் நாள் ரவுண்ட்ஸ் வந்தார். ஃபைலைப் பார்க்கும் முன்னால் கதவுக்கு வெளியே நின்ற அம்மாவை உள்ளே கூப்பிட்டார். “வீட்ல இவன் எப்படிம்மா இருப்பான்?” என்று கேட்டார். பத்து நாளில் எங்களில் ஒருத்தரும் அதைக் கேட்டிருக்கவில்லை. காய்ச்சல் எப்போது வந்தது, தடுப்பூசி போட்டதா, என்ன மருந்து கொடுத்தீர்கள், இதெல்லாம் கேட்டிருந்தோம். அந்த அம்மாவுக்கு வாய் நிற்கவில்லை. வாயாடி, பஸ் பைத்தியம், மெயின் ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டால் சோற்றை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவான், வேணும் என்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவான், அந்நியர் தொட்டால் ஊரைக் கூட்டுவான். இந்தக் கடைசி வரியைக் கேட்டபோதுதான் அன்று நான் ஒரே குத்தில் போட்ட லைன் எனக்கு ஞாபகம் வந்தது.

மேடம் ஒரு தாளை எடுத்தார். எட்டுக் கேள்விகள். நியூயார்க்கில் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் சானி ட்ரௌப் என்ற டாக்டரும் அவர் குழுவும் 2014-இல் வெளியிட்ட அளவுகோல் அது. பிள்ளை பேசத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கேள்வி கேட்டுப் பதில் வாங்க வேண்டியதும் இல்லை. ஷிஃப்ட் முழுக்கப் பக்கத்தில் இருந்த நர்ஸ், தான் பார்த்ததை வைத்து ஷிஃப்டுக்கு ஒரு தடவை போட வேண்டும். பழகிவிட்டால் இரண்டு நிமிஷம் ஆகாது.

முதல் நான்கும் பிள்ளை செய்ய வேண்டியவை. கவனித்துக்கொள்கிறவரின் கண்ணைப் பார்க்கிறதா? செய்வதில் ஒரு நோக்கம் இருக்கிறதா, அதாவது பொம்மையை எட்டிப் பிடிப்பது, தொந்தரவு தரும் குழாயைத் தள்ளுவது மாதிரி? சுற்றி நடப்பது தெரிகிறதா? தனக்கு வேண்டியதை ஏதோ ஒரு வழியில் தெரிவிக்கிறதா? ஒருபோதும் இல்லை என்றால் 4, எப்போதும் உண்டு என்றால் 0, நடுவில் படிப்படியாக. அடுத்த நான்கு இதற்கு நேர்மாறு. அமைதியில்லாமல் புரளுகிறதா? என்ன செய்தாலும் தேற்ற முடியவில்லையா? விழித்திருக்கும்போதும் அசைவே குறைவாக இருக்கிறதா? கூப்பிட்டால் திரும்ப வெகு நேரம் ஆகிறதா? இவற்றில் எப்போதும் என்றால் 4. மொத்தம் 32. அதில் 9-ஐத் தொட்டாலே டெலிரியம் என்று எடுத்துக்கொண்டு காரணம் தேட வேண்டும். தட்டினாலும் விழிக்காத அளவுக்கு மருந்தில் ஆழ்ந்து கிடக்கும் பிள்ளைக்கு மட்டும் இதைப் போட முடியாது.

மேடம் ஒவ்வொன்றாகக் கேட்க, நானும் அந்த அம்மாவும் பதில் சொன்னோம். கண்ணைப் பார்ப்பது அபூர்வம், 3. நோக்கம், 3. சுற்றுப்புறம், 3. வேண்டியதைக் கேட்பது அறவே இல்லை, 4. புரளுவதும் தேற்ற முடியாததும் ராத்திரியில் மட்டும், 2, 2. அசைவுக் குறைவு 3, தாமதம் 3. கூட்டினால் 23. ஏழாவது கேள்விக்கு வந்தபோது எனக்குத் தொண்டை வறண்டது. நாங்கள் சமத்து என்று சொல்கிற அதே விஷயம் அந்தத் தாளில் வியாதியின் அடையாளமாக அச்சாகியிருந்தது.

டெலிரியம் என்றால் கத்தி ரகளை செய்வது என்றுதான் நானும் படித்திருந்தேன். பெரியவர்கள் வார்டில் ட்ரிப்ஸைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற தாத்தாக்களைப் பார்த்திருக்கிறேன். சின்னப் பிள்ளைகளிடம் அந்த ரகம் மட்டும் தனியாக வருவது குறைவு. அடங்கிக் கிடக்கும் ரகமும், பகலில் அடங்கி ராத்திரியில் கொந்தளிக்கும் கலப்பு ரகமும்தான் அதிகம். கொந்தளிக்கிற பிள்ளையை எல்லாரும் கவனிப்போம். அடங்கிக் கிடப்பதை எவரும் கவனிப்பதில்லை. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்கா, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் 25 குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 994 பிள்ளைகளைப் பார்த்தார்கள். நாலில் ஒரு பிள்ளைக்கு டெலிரியம் இருந்தது. ஆறு நாளோ அதற்கு மேலோ தங்கிய பிள்ளைகளில் அது 38 சதவீதம். இரண்டு வயதுக்குக் கீழே இருப்பது, வளர்ச்சிக் குறைபாடு, வென்டிலேட்டர், மிடாஸோலம் வகை மருந்து, கையைக் கட்டி வைப்பது, இவையெல்லாம் டெலிரியத்தோடு சேர்ந்தே காணப்படுகின்றன. எங்கள் ஆறாம் பெட்டுக்குக் கடைசி மூன்றும் இருந்தன, மூன்றும் நாங்கள் கொடுத்தவை.

மூன்று மாதக் குழந்தைக்கு எப்படிப் போடுவது என்று நிறைய பேர் கேட்கிறார்கள். அந்த வயதுக்கு உரியதை எதிர்பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அளவுகோலோடு இரண்டு வயது வரைக்குமான வயதுவாரி விளக்கமும் இருக்கிறது. இரண்டு மாதக் குழந்தை முகத்தைப் பார்த்து நிற்கும், குரல் வந்த பக்கம் அமைதியாகும், பசித்தால் அழும், எடுத்தால் அடங்கும். இவை இல்லாவிட்டால் அங்கே கேள்வி இருக்கிறது. வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளையென்றால் அம்மாவைக் கேட்காமல் இந்தத் தாளைத் தொடவே கூடாது. அந்தப் பிள்ளைக்கு வழக்கமானதே எட்டு ஒன்பது மதிப்பெண்ணில் இருக்கலாம்.

தாளில் 23 என்று வந்துவிட்டால் அதற்கு ஓர் ஊசி கிடையாது. டெலிரியம் என்பது புகை, எங்கே எரிகிறது என்று தேட வேண்டும். முதலில் ஆக்சிஜன், குளுக்கோமீட்டரில் சர்க்கரை, பிறகு ரத்தத்தில் உப்புகள். அவனுக்குச் சோடியம் 129, நிமோனியாவில் இப்படி இறங்குவது உண்டு. புதிய தொற்று இருக்கிறதா என்று கல்ச்சர் அனுப்பினார்கள், இல்லை என்று வந்தது. மேடம் போர்வையை விலக்கி வயிற்றைத் தொட்டார். அடிவயிறு கல்லாக இருந்தது. சிறுநீர்க் குழாயை எடுத்த பிறகு அவன் சரியாகவே போகவில்லை, பை நிரம்பிக் கிடந்தது. மலம் போய் ஐந்து நாள். இரண்டையும் ஃபென்டானில் செய்யும், புரோமெதசின் அதைக் கூட்டும். விலாவில் ட்ரெயின் இருக்கிற பிள்ளைக்கு வலி மருந்து ‘தேவைப்பட்டால்’ என்று எழுதியிருந்தது. தேவை என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்குத் தேவைப்பட்டால்!

புரோமெதசின் அன்றே நின்றது. அந்த வகை அலர்ஜி மருந்துகள் தூக்கம் வரவைக்கும் என்று நாம் கொடுக்கிறோம், குழம்பிய மூளையை இன்னும் குழப்புவதும் அவைதான். மிடாஸோலத்தை ஏழு நாள் ஓடிய பிள்ளைக்குச் சட்டென்று நிறுத்த முடியாது, நாள் கணக்கில் படிப்படியாகக் குறைத்தார்கள். ராத்திரிக்கு மட்டும் மெல்லிய அளவில் டெக்ஸ்மெடிடோமிடின் என்ற வேறு மயக்க மருந்து. பாராசிட்டமால் ஆறு மணிக்கொரு தடவை, கேட்டாலும் கேட்காவிட்டாலும். சோடியத்தை மெதுவாகச் சரிசெய்தார்கள். வயிற்றுக்கு எனிமா. மருந்துப் பக்கம் இவ்வளவுதான்.

மற்றப் பாதி எங்கள் கையில் இருந்தது. அந்தப் பிள்ளையின் ஒரு ராத்திரியை நான் சார்ட்டிலிருந்து எழுதிப் பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு நாடி, பி.பி., காய்ச்சல் என்று வைட்டல்ஸ். ஒரு மணிக்கு மூக்கு வழி ஃபீட். இரண்டு மணிக்கு ஆன்டிபயாட்டிக். மூன்றுக்கு நெபுலைசர். நாலுக்கு ரத்தம் எடுப்பது. நாலரைக்கு ஸ்பாஞ்ச் பாத். ஐந்தரைக்கு எக்ஸ்ரே. நடுவில் பக்கத்துப் பெட் மானிட்டர் எத்தனை தடவை கூவியதோ, கணக்கில்லை. டியூப்லைட் ராத்திரி பகல் எரிந்தது. இந்த வேளையில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்க எனக்கே முடியாது. மருந்தில் மயங்கிக் கிடந்ததை நாங்கள் தூக்கம் என்று எழுதியிருந்தோம்.

பெரிய சண்டை வந்தது ஸ்பாஞ்ச் பாத்தில். விடிகாலை நாலரைக்குப் பிள்ளையைத் துடைத்து, பவுடர் போட்டு, ஷீட் மாற்றி, ஏழரைக்குப் பளிச்சென்று ஓவர் கொடுப்பது எங்கள் வழக்கம். அதைப் பகல் ஷிஃப்டுக்கு மாற்றலாம் என்று சொன்னதும் பகல் ஆட்கள் என்னைக் கொன்றுவிடுவது போலப் பார்த்தார்கள். பகலில் ரவுண்ட்ஸ், ஷிஃப்டிங், புது அட்மிஷன், இதில் குளிப்பாட்டுவது யார்? நியாயமான கேள்விதான். கடைசியில் ஆறாம் பெட்டுக்கு மட்டும், ஒரு வாரத்துக்கு மட்டும் என்று சீனியர் சிஸ்டர் ஒப்புக்கொண்டார். சாயங்காலம் நாலு மணிக்கு அவன் அம்மாவே என்னோடு சேர்ந்து துடைத்துவிட்டார். வேலையும் குறைந்தது. அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை, இப்போது எங்கள் பிரிவில் தெளிவாக இருக்கும் எந்தப் பிள்ளையையும் விடிகாலையில் துடைப்பதில்லை.

ராத்திரி பத்திலிருந்து ஐந்து வரை அவன் தலைக்கு மேல் இருந்த விளக்கை அணைத்தோம். மருந்து, ஃபீட், வைட்டல்ஸ் எல்லாவற்றையும் பத்து, இரண்டு, ஆறு என்று மூன்று வேளைக்குள் கட்டினோம். பகலில் ஜன்னல் திரையை விலக்கி, கட்டிலை நிமிர்த்தி, மூன்று தலையணை வைத்து உட்கார வைத்தோம். கைக்கட்டை அவிழ்த்தோம். அவிழ்க்கும்போது எனக்கு உள்ளூரப் பயம், ட்ரெயினை இழுத்துவிட்டால்? மேடம், “அம்மா கையைப் பிடிச்சுக்கட்டும். அந்தக் கட்டு அவனுக்குப் புரியும்” என்றார். குழாயைப் பனியனுக்குள் விட்டு ஓரமாக ஒட்டினோம். அவன் இழுக்கவே இல்லை.

அம்மாவை உள்ளே விட்டதுதான் எல்லாவற்றிலும் பெரிய மருந்து. நாலு முதல் ஐந்து என்ற நேரத்தை மீற எழுத்தில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. தொற்று வரும், கூட்டம் சேரும் என்று சொன்னார்கள். ஓர் ஆள், கை கழுவி, கவுன் போட்டு, ஸ்டூலில். அவ்வளவுதான் கேட்டோம். முதல் நாள் அந்த அம்மா, “என்னைத் தெரியுதா தம்பி, நான் யாரு சொல்லு, நான் யாரு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டான், அவர் அழுதார். கேள்வி கேட்காதீர்கள் என்று சொன்னேன். நீங்களே சொல்லுங்கள். “அம்மா வந்திருக்கேன். இது ஆஸ்பத்திரி. நெஞ்சுல சளி, அதான் இங்க இருக்கோம். சாயங்காலம் ஆச்சி வருவா.” சின்னச் சின்ன வாக்கியம், ஒரே மாதிரி, திரும்பத் திரும்ப. எறும்பு என்று காட்டினால் இல்லை என்று வாதாட வேண்டாம், ஆமாம் என்று சேர்ந்து அடிக்கவும் வேண்டாம். “உனக்குப் பயமா இருக்கு, அம்மா பக்கத்துலயே இருக்கேன்” என்றால் போதும். அவர் வீட்டிலிருந்து தன் பழைய சேலை ஒன்றைத் துவைத்துக் கொண்டுவந்தார், அதைத்தான் போர்த்தினோம்.

இரண்டாம் நாள் காலையில் அவர் அவன் காதருகே “பாம் பாம்” என்று ஹாரன் அடித்தார். தலை திரும்பியது. ஒரு நொடிதான், ஆனால் கண் அவர் வாயில் வந்து நின்றது. அந்த அம்மா கத்திய கத்தில் பக்கத்துப் பெட் பிள்ளை விழித்துக்கொண்டது. சாயங்காலம் பழையபடி டியூப்லைட். மதிப்பெண் காலையில் 14, ராத்திரி 19. அவர் இடிந்துபோனார். டெலிரியம் ஏறி இறங்கித்தான் போகும். ஒரு ரவுண்ட்ஸில் தெளிவாக இருந்தது என்று சரியாகிவிட்டதாக எழுதக் கூடாது, ஒரு ராத்திரி மோசம் என்று எல்லாம் போயிற்று என்றும் நினைக்கக் கூடாது. இதை முதல் நாளே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்ல மறந்தது என் தவறு.

ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின் மாதிரி மனநோய் மருந்துகள் ஏன் போடவில்லை என்று நர்ஸிங் மாணவிகள் கேட்பார்கள். 2022-இல் அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவ சங்கம் வெளியிட்ட குழந்தைகளுக்கான வழிகாட்டி, டெலிரியம் வராமல் தடுக்கவோ சீக்கிரம் தெளியவைக்கவோ அவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. காரணத்தைச் சரிசெய்தும், சூழலை மாற்றியும் அடங்காமல் கொந்தளிக்கிற பிள்ளைக்கு டாக்டர் யோசித்துக் கொடுப்பார். கொடுத்தால் ஈ.சி.ஜி. பார்க்க வேண்டும், இதயத் துடிப்பின் ஓர் இடைவெளியை அவை நீட்டிவிடக்கூடும். எங்களிடம் பிறகு வந்த வேறு ஒரு பிள்ளைக்குத் தேவைப்பட்டது, கொடுத்தோம், சில நாளில் நிறுத்தினோம். இவனுக்குத் தேவைப்படவில்லை.

நடுவில் ஒரு நாள் எங்களுக்கே குழப்பம். மிடாஸோலமும் ஃபென்டானிலும் குறையக் குறைய அவன் வியர்த்தான், கொட்டாவி விட்டான், தும்மினான், கை நடுங்கியது, மலம் இளகிப் போனது. இது டெலிரியமா, மருந்து விட்டதன் தவிப்பா? தும்மல், கொட்டாவி, வயிற்றுப்போக்கு மருந்து விட்டதன் பக்கம். கண்ணைப் பார்க்காதது, ஆளைத் தெரியாதது டெலிரியத்தின் பக்கம். இரண்டும் ஒரே பிள்ளையிடம் ஒரே நேரத்தில் இருக்கலாம். இதைப் பிரிப்பது முக்கியம், ஏனென்றால் வைத்தியம் எதிரெதிர். தவிப்புக்கு மருந்தைக் குறைக்கும் வேகத்தை மட்டுப்படுத்துவார்கள், டெலிரியத்துக்கு அதே மருந்தை விரட்டப் பார்ப்பார்கள். குறைக்கும் வேகம் ஒரு நாள் நிறுத்தப்பட்டது, அவன் அடங்கினான்.

ஐந்தாம் நாள் காலை புது லைன் போட டிரேயோடு போனேன். ஸ்பிரிட் வாசனை பட்டதுமே அவன் உதடு பிதுங்கியது. அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு “ஊசி வேணா, ஊசி வேணா, போ” என்று அலறி, காலால் எத்தினான். பஞ்சு, பிளாஸ்டர், கேனுலா எல்லாம் தரையில். அன்றைய மதிப்பெண் 6. நான் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா சிரித்துக்கொண்டே, “இதுதான் சிஸ்டர் எம்பிள்ள” என்றார்.

பிள்ளையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கும் அம்மா அப்பாக்களுக்கு ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். சேர்த்த அன்றைக்கே பிள்ளையின் குணத்தை எங்களிடம் சொல்லிவிடுங்கள், நாங்கள் கேட்காவிட்டாலும். எதற்குச் சிரிப்பான், எப்படிக் கேட்பான், தண்ணிக்கு என்ன சொல்வான், எந்தக் கையால் விரல் சூப்புவான். கண்ணாடி போடுகிற பிள்ளைக்குக் கண்ணாடி, காது மிஷின் வைக்கிற பிள்ளைக்குக் காது மிஷின் கொண்டுவாருங்கள். பார்வையும் சத்தமும் மங்கினால் குழப்பம் கூடும். ‘எம்பிள்ள மாதிரி இல்ல’ என்று தோன்றினால் அதே வார்த்தையில் சொல்லுங்கள். ஒருத்தி காதில் வாங்காவிட்டால் அடுத்தவளிடம், அவளும் வாங்காவிட்டால் ரவுண்ட்ஸ் வருகிற டாக்டரிடம். எங்களைப் போல வேலை நெரிசலில் இருக்கிறவர்களுக்கு ஒரு தடவை சொன்னால் ஏறாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். கைக்கட்டை நீங்களாக அவிழ்க்க வேண்டாம், நான் பிடித்துக்கொள்கிறேன், அவிழ்க்கலாமா என்று கேளுங்கள். பிள்ளை உங்களை அடையாளம் தெரியாமல் தள்ளினால் அது வெறுப்பு கிடையாது.

வீட்டில் காய்ச்சலோடு பிள்ளை பிதற்றினாலோ, ஆளைத் தெரியாமல் வெறித்தாலோ, எழுப்பினால் சரியாக விழிக்காவிட்டாலோ கயிறு கட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், உடனே ஆஸ்பத்திரி. மூளைக் காய்ச்சலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

அவன் வார்டுக்குப் போய், வீட்டுக்கும் போனான். மூன்றாம் வாரம் மறுபரிசோதனைக்கு வந்தபோது ஆச்சி முந்தானைக்குள் ஒளிந்துகொண்டான். ராத்திரி இரண்டு மூன்று தடவை அலறி எழுகிறான், பழகியிருந்த கக்கூஸ் பழக்கம் போய்விட்டது, அம்மா அடுப்படிக்குப் போனாலும் பின்னாலேயே வருகிறான் என்று சொன்னார்கள். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். திட்டாதீர்கள், நேரத்துக்குத் தூங்க வையுங்கள், நடந்ததைக் கதை மாதிரி சொல்லுங்கள், மாதக் கணக்கில் போனால் மறுபடி கூட்டிவாருங்கள் என்றார் மேடம். இன்னொன்றும் இருந்தது. அம்மாவின் போன் ‘டிங் டிங்’ என்று அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறானாம். அந்த ரிங்டோனை வைத்துக் காட்டினார். எங்கள் மானிட்டர் அலாரம் கிட்டத்தட்ட அதே சத்தம்.

“அதான் மாத்திட்டேன் சிஸ்டர்” என்றார். ஓ.பி. சீட்டை மடித்துக்கொண்டிருந்தபோது அந்த போன் அடித்தது. பஸ் ஹாரன். முந்தானைக்குள்ளிருந்து ஒரு தலை வெளியே வந்தது.